சர்க்யூட் படம் இருக்கிறதா?

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1950களில் செய்த, மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் பக்கத் தகட்டைக் கழற்றினால், வால்வுகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஓர் ஓரத்தில் சின்ன உருளையில் ஈயக் கம்பி சுற்றியிருப்பதைப் பார்க்கலாம். யாரோ மெக்கானிக் மறந்து விட்டுப்போனது என்று தோன்றும். தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியது அது. உதிரிகளை இணைக்க அந்தக் கருவியில் வெண்ணிறப் பீங்கான் பட்டைகளைப் பொருத்தியிருந்தார்கள். பட்டையின் மேல்விளிம்பில் ரம்பப் பல் மாதிரி வரிசையாக வெட்டுகள். ஒவ்வொரு வெட்டின் உட்புறமும் வெள்ளிப் பூச்சு. சாதாரண ஈயத்தால் நாலைந்து முறை பற்றவைத்தால், உருகிய ஈயம் அந்த வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் பீங்கானில் எதுவும் ஒட்டாது. சுமார் 3 சதவீதம் வெள்ளி ஏற்கெனவே கலந்த ஈயமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அந்த ஈயம் தெருமுனைக் கடையில் கிடைக்காது என்பதால் பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் சுற்றி வைத்துவிட்டார்கள். விற்கும்போதே, இதை ஒருநாள் ஒருவர் சூட்டுக்கோலோடு திறப்பார் என்று எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு. எழுபது ஆண்டு கழித்து அதே பெட்டியைத் திறக்கும் பொழுதுபோக்கு ஆர்வலர் சில சமயம் அந்த உருளையில் மிச்சமிருக்கும் ஈயத்தைக் கொண்டே வேலையை முடிக்கிறார்.

பழைய டிவிகளையும் பழைய அளவைக் கருவிகளையும் தேடிப்பிடித்து உயிர்கொடுப்பது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேரூன்றிவிட்ட பொழுதுபோக்கு. இவை ஏன் இன்னும் ஓடுகின்றன என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், அந்தக் காலத்துச் சாமான் உறுதி என்பது. நம் ஊரிலும் தாத்தா காலத்து ரேடியோவைக் காட்டி இதையே சொல்வார்கள். வரலாறு நேர் எதிராகச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாமான்கள் ஓயாமல் பழுதாயின. ஓயாமல் பழுதானதால்தான், முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக்கை நம்பிப் பொருளை விற்க வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. அந்த மெக்கானிக்குக்காக அச்சான சர்க்யூட் படங்களும் வோல்ட் பட்டியல்களும் உதிரி அட்டவணைகளுமே இன்றைய பொழுதுபோக்கின் மூலதனம். பழைய டிவி பிழைத்திருப்பதற்கு அதன் தேகபலத்தைவிட, அதன் ஜாதகம் யாரிடமோ பத்திரமாக இருந்ததே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1946-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் சந்தைக்கு விட்ட 630டிஎஸ் என்ற டிவியை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிறகு அமெரிக்காவில் பெரிய அளவில் விற்ற முதல் டிவி அது. திரை 10 அங்குலம், விலை 375 டாலர்; பிக்சர் டியூபையும் சேர்த்து உள்ளே 30 வால்வுகள். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஓர் இழை தணலாகக் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். கனன்றால்தான் எலெக்ட்ரான் புறப்படும். சில ஆயிரம் மணி நேரத்தில் வால்வின் வீரியம் குறையும், அல்லது இழையே அறுந்துவிடும். முப்பது பல்புகளை ஏற்றிவைத்து, அதில் எது அணைந்தாலும் வீட்டில் ஏதோ ஒரு காரியம் நின்றுபோகும் என்ற நிலையில் குடித்தனம் நடத்துவதைப் போன்றது வால்வு டிவி வைத்திருப்பது. அதனால்தான் வால்வுகளைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகினார்கள். 1950களில் அமெரிக்க மருந்துக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் வால்வு சோதிக்கும் எந்திரம் ஆள் உயரத்துக்கு நின்றது. வீட்டுக்காரரே டிவியின் முதுகுப் பலகையைக் கழற்றி, வால்வுகளை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பார். முள் மோசமான பக்கம் நின்றால் கீழ் அலமாரியிலிருந்து புதிது எடுத்துக்கொள்வார். தலைவலி மாத்திரையும் டிவி வால்வும் ஒரே கல்லாவில் பில் போட்ட காலம். வால்வு மாற்றியும் படம் வராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். ஆர்.சி.ஏ. சொந்தமாகச் சேவை ஆட்களை வைத்திருந்தது என்றாலும், நாடெங்கும் விற்ற எல்லாப் பெட்டிகளையும் அவர்களே எட்டிப் பார்த்துவிட முடியாது. மிச்சத்தைத் தெருமுனைக் கடைக்காரர் பார்த்தார். அவருக்குக் காலையில் ஆர்.சி.ஏ., மதியம் பில்கோ, சாயங்காலம் ஜெனித் என்று எது வந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கடைக்காரருக்குப் படிக்கக் கொடுப்பதே தனித் தொழிலாயிற்று. ரேடியோ காலத்திலேயே, 1930களில், ஜான் ரைடர் என்பவர் பல கம்பெனிகளின் சர்க்யூட் படங்களைத் திரட்டித் தடித்தடித் தொகுதிகளாக வெளியிட்டுவந்தார். 1946-ல் இண்டியானாபோலிஸில் ஹோவர்ட் சாம்ஸ் தொடங்கிய நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. கம்பெனி தந்த படத்தை அப்படியே அச்சிடாமல், பெட்டியைப் பிரித்து, தாங்களே அளந்து, எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் ஒரே குறியீட்டு முறையில் படம் வரைந்து, ‘ஃபோட்டோஃபேக்ட்’ என்ற பெயரில் மடிப்புத் தாள்களாக விற்றார்கள். ஒரு மடிப்பை விரித்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். உதிரிகளைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸியின் மேல்புறப் புகைப்படம், கவிழ்த்துவைத்த அடிப்புறப் புகைப்படம், அதில் ஒவ்வொரு உதிரியின் மேலும் ஓர் எண். மேசை அகலத்துக்கு சர்க்யூட் படம். எந்த வால்வின் எந்தக் காலில் எத்தனை வோல்ட் நிற்க வேண்டும், எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்ற அட்டவணை. இந்தக் கண்டென்சர் கிடைக்காவிட்டால் எந்தக் கம்பெனியின் எந்த எண் பொருந்தும் என்ற பட்டியல். தருமத்துக்குச் செய்ததல்ல, காசு வாங்கிக்கொண்டு செய்தது. ஆனால் மதுரையிலோ மெக்ஸிகோவிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர், கண்ணால் பார்த்தே இராத ஒரு டிவிக்குள் இந்தத் தாள்களைப் பிடித்துக்கொண்டு நுழைந்து வெளியே வந்துவிடலாம்.

கம்பெனிகள் ஏன் இதை மறைக்கவில்லை என்பது நியாயமான கேள்வி. ஒரு காரணம், மறைத்தாலும் பயனில்லை. சேஸியைக் கவிழ்த்தால் ஒவ்வொரு கம்பியும் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. இன்னொரு காரணம் காப்புரிமை. டிவியின் முக்கியமான காப்புரிமைகள் பலவற்றைக் கையில் வைத்திருந்த ஆர்.சி.ஏ., பிறரிடம் உரிமத் தொகை வாங்கிச் சம்பாதித்தது. தன் சர்க்யூட்டை மற்றவர்கள் பின்பற்றினால் அதற்கு லாபமே. 630 சேஸியைத் தழுவிப் பல கம்பெனிகள் டிவி செய்தன. பிரிட்டனில் கதவு இவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. அங்கே கம்பெனிகள் தங்கள் முகவர்களுக்கு மட்டும் படம் கொடுக்கவே விரும்பின. இருந்தும் ‘டிரேடர்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட வணிகப் பத்திரிகை, பல மாதிரிகளுக்குச் சர்வீஸ் தாள்களை இணைப்பாக வெளியிட்டது. அந்தத் தாள்கள் இன்றும் அங்குள்ள ஆர்வலர்களின் அலமாரியில் எண் வரிசைப்படி நிற்கின்றன.

உறுதிக் கட்சிக்காரர்கள் இவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள். காகிதம் இருக்கட்டும், பொருள் திடமாக இல்லாவிட்டால் காகிதம் என்ன செய்யும் என்பார்கள். இதற்கு எதிர்ச்சாட்சி, அந்தக் காலத்தின் மட்டமான டிவிகள். எர்ல் மண்ட்ஸ் என்றொருவர் பழைய கார் வியாபாரத்திலிருந்து டிவிக்கு வந்தவர். விலையைக் குறைப்பதே அவர் வேதம். கையில் வெட்டுக் குறடோடு திரிந்து, பொறியாளரின் மாதிரிப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு உதிரியாக வெட்டிப்போடுவாராம். படம் நின்றுபோனதும் கடைசியாக வெட்டியதை மட்டும் திரும்ப வைக்கச் சொல்வாராம். கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சோறு என்பது இருக்கட்டும். தேவைக்கு மேல் ஒரு உதிரிகூட வைக்காத வேலையை இன்றும் பொறியாளர்கள் அவர் பெயரை வினைச்சொல்லாக்கித்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த மண்ட்ஸ் டிவிகளையும் மீட்டெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னும் நல்ல உதாரணம் பில்கோ 1958-ல் விட்ட ‘பிரெடிக்டா’. பெட்டியின் தலைமேல் பிக்சர் டியூப் தனியாகக் கழுத்துத் திரும்பும்படி நிற்கும். பார்க்க வேற்றுக்கிரகச் சாமான் மாதிரி இருக்கும். அழகுக்கு நூறு மதிப்பெண், உள்ளே இருந்த அச்சுப் பலகைகளுக்குப் பாஸ் மார்க்கே கஷ்டம். வால்வின் சூட்டில் பலகை பொரிந்து செப்புத் தடங்கள் உரிந்தன. எங்கள் டிவியில் அச்சுப் பலகையே கிடையாது, எல்லாம் கையால் இணைத்தது என்று ஜெனித் விளம்பரம் செய்த காலம் அது. இன்று ஆர்வலர்கள் போட்டி போட்டுத் தேடும் டிவிகளில் பிரெடிக்டாவுக்கு முன்வரிசை இடம். உறுதிதான் காரணமென்றால் இது நடந்திருக்கக் கூடாது.

நல்ல கம்பெனிப் பெட்டிக்குள்ளும் நிலைமை அப்படியொன்றும் சிலாக்கியமில்லை. அன்றைய கண்டென்சர்கள் பல, காகிதத்தையும் உலோகத் தாளையும் சேர்த்துச் சுருட்டி மெழுகில் தோய்த்தவை. காகிதம் ஈரத்தை இழுத்து, தடுத்து நிறுத்த வேண்டிய மின்சாரத்தைக் கசியவிடும். கார்பன் ரெசிஸ்டர்களின் ஓம் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகும். செலினியம் ரெக்டிஃபையர் கருகினால் அந்த நாற்றத்தில் வீட்டில் உட்கார முடியாது. ஆகவே பழைய டிவி கிடைத்ததும் ஆர்வலர் செய்யாத ஒரு காரியம், அதை நேராகப் பிளக்கில் செருகுவது. நம் மெக்கானிக்குகள் சீரீஸ் போர்டு வைத்துப் பார்ப்பதைப் போல அங்கேயும் ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டு, அது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதை வைத்து உள்ளே ஷார்ட் இருக்கிறதா என்று முதலில் கணிக்கிறார்கள். பிறகு கண்டென்சர்கள் அத்தனையையும் மாற்றுகிறார்கள். இதில் வைதீகமானவர்களும் உண்டு. பழைய கண்டென்சரின் அட்டைக் குழாயைச் சூடான காற்றில் காட்டி, மெழுகு இளகியதும் உள்ளே இருக்கும் சுருளை உருவி எறிந்துவிட்டு, அதே குழாய்க்குள் விரல்நுனி அளவு புது மஞ்சள் கண்டென்சரை வைத்து, வடித்தெடுத்த பழைய மெழுகையே ஊற்றி இரு முனையையும் அடைப்பார்கள். சேஸியைக் கவிழ்த்துப் பார்த்தால் 1948-ல் தொழிற்சாலையை விட்டு வந்த மாதிரியே இருக்கும். உதிரிகளில் பாதியை மாற்றிய பிறகு அது பழைய டிவிதானா என்று தத்துவம் பேசலாம். எது மாறாமல் இருந்தது என்று பார்த்தால், எந்த மதிப்புள்ள கண்டென்சர் எந்தக் காலுக்கும் எந்தக் காலுக்கும் நடுவே நிற்கிறது என்ற ஏற்பாடு. அதாவது, படம்.

டிவியைச் சரிசெய்யும் ஆர்வம் ஏன் மீட்டர், ஸ்கோப், சிக்னல் ஜெனரேட்டர் ஆகியவற்றின் மேலும் தாவுகிறது என்பதற்கும் விடை இந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. அன்றைய சர்வீஸ் தாள்கள் பலவற்றில், இங்கே குறித்த வோல்ட் அளவுகள் 20,000 ஓம்/வோல்ட் மீட்டரில் எடுத்தவை என்று ஒரு வரி இருக்கும். மீட்டரும் சர்க்யூட்டிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைக் குடிக்கும். குடித்த பிறகு நிற்கும் வோல்ட்தான் தாளில் உள்ளது. இன்றைய டிஜிட்டல் மல்டிமீட்டர் அநேகமாக ஒன்றுமே குடிக்காது, அதனால் சில இடங்களில் தாளைவிடக் கூடுதலாகக் காட்டும். நல்ல சர்க்யூட்டையும் கெட்டது என்று நினைக்கவைக்கும். தாள் சொல்லும் அதே எண்ணைக் காண பிரிட்டிஷ் ஆர்வலர் ஏவோ 8 மீட்டரைத் தேடுகிறார். தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கேடி 1923-ல் கொண்டுவந்த ஏவோ மீட்டரின் வழியில் 1951-ல் வந்தது மாடல் 8. 2008 வரை அதன் உற்பத்தி நடந்தது. தாளில் வோல்ட்டோடு அலை வடிவங்களும் அச்சாகியிருந்தன. அலையைப் பார்க்க ஸ்கோப் வேண்டும். 1947-ல் ஹீத்கிட் நிறுவனம் போர் மிச்ச உதிரிகளை வைத்து, வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் ஸ்கோப்பை 50 டாலருக்கும் குறைவாக விற்றது. அதே ஆண்டு வந்த டெக்ட்ரானிக்ஸ் 511-ன் விலை 795 டாலர். அந்த விலையில் இரண்டு 630டிஎஸ் டிவி வாங்கி மிச்சக் காசில் சைக்கிளும் வாங்கலாம். ஆய்வகங்கள் வாங்கிய அந்த உயர்ரகக் கருவிகள் பின்னாளில் ஏலத்துக்கு வந்தபோதுதான் ஆர்வலர்களின் கைக்கு எட்டின. வந்தவுடன் ஒரு சிக்கல்: கெட்டுப்போன ஸ்கோப்பைச் சரிசெய்ய நல்ல ஸ்கோப் ஒன்று வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர் வீட்டில் ஏன் ஒன்பது ஸ்கோப் இருக்கிறது என்று குடும்பத்தார் கேட்டால் சொல்வதற்கு இது ஒரு பதில்.

அளவைக் கருவிகளோடு வந்த புத்தகங்கள் டிவித் தாள்களையும் மிஞ்சியவை. டெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தில் படத்துக்கு முன்பே, ஒவ்வொரு வால்வும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை விளக்கும் ஓர் அத்தியாயம் வரும். இந்த ‘ஏன்’ எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹெவ்லெட்-பேக்கர்டின் முதல் சரக்கான, சீரான அலையை உண்டாக்கும் 200ஏ ஆசிலேட்டரைச் சொல்லலாம். அதன் தம்பியான 200பி கருவிகள் எட்டை ‘ஃபேன்டேஸியா’ படத்துக்காக டிஸ்னி நிறுவனம் வாங்கியது. இந்தக் கருவிகளுக்குள் ஒரு சின்ன மின்விளக்கு இருக்கும். வெளிச்சத்துக்காக வைத்ததல்ல. சிக்னல் ஏறினால் இழை சூடாகும், சூடானால் அதன் ஓம் கூடும், கூடினால் சிக்னல் தானே அடங்கும். கருவியின் தலையே அந்த விளக்குதான். விளக்கத்தைப் படிக்காதவர் அதை அடையாள விளக்கு என்று நினைத்துக் கையில் கிடைத்த பல்பைப் போட்டால் அலை உருக்குலைந்துவிடும். பொருள் முழுசாகக் கையில் இருந்தாலும் பொருள் விளங்காமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லாமே பழைய நினைவுகளின் மயக்கம், சின்ன வயதில் பார்த்த டிவியைத் திரும்பப் பார்க்கும் ஆசை, இதில் காகிதத்துக்கு என்ன வேலை என்று இன்னொரு மறுப்பு உண்டு. பிரிட்டனில் இந்த ஆசைக்கு ஆழமான வேர் இருக்கிறது. போர் முடிந்த கையோடு அங்கே பலர், ராடார் கருவிகளில் இருந்து மிச்சமான விசிஆர்97 என்ற 6 அங்குலக் குழாயை மலிவாக வாங்கித் தாங்களே டிவி கோத்துக்கொண்டார்கள். ராடார் திரை ஆனதால் அறிவிப்பாளர் முதல் குதிரைப் பந்தயம் வரை சகலமும் பச்சை. அந்தப் பச்சை டிவிக்காரர்களின் வாரிசுகள்தான் 1976-ல் அமைந்த பிரிட்டிஷ் பழைய வயர்லெஸ் சங்கம் போன்றவற்றுக்கு ஆட்களானார்கள் என்று சொன்னால் தவறாகாது. ஆனால் ஆசிலோஸ்கோப் யாருடைய வரவேற்பறையிலும் இருந்ததில்லை. 1955-ல் செய்த ஸ்கோப்பை இன்று மேசைமேல் வைத்துக் கொஞ்சுகிறவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை. நினைவே இல்லாத பொருளின் மேல் நினைவேக்கம் எப்படி வரும்? முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு எந்திரம் என்பதுதான் அங்கே கவர்ச்சி. புரிந்துகொள்ள வழிசெய்தது புத்தகம்.

காகிதம் கைவிடும் இடங்களும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1954-ல் ஆர்.சி.ஏ. விட்ட சிடி-100, தொடக்ககாலக் கலர் டிவிகளில் பேர்பெற்றது. விலை 1,000 டாலர். அதன் சர்க்யூட் படம் எளிதில் கிடைக்கும், வால்வுகளும் பெரும்பாலும் கிடைக்கும். கிடைக்காதது 15ஜிபி22 என்ற அதன் பிக்சர் டியூப். கண்ணாடியும் உலோகமும் சேரும் பொருத்தில் நுண்ணிய கசிவு ஏற்பட்டு, பல டியூப்களில் வெற்றிடம் போய்விட்டது. காற்று புகுந்த பிக்சர் டியூப் வெறும் கண்ணாடிக் குடுவை. அதை மீட்க வேண்டுமானால் கழுத்தை அறுத்து, புது எலெக்ட்ரான் துப்பாக்கியை உருக்கி ஒட்டி, உலையில் சூடேற்றிக்கொண்டே காற்றை உறிஞ்ச வேண்டும். இது எழுத்தில் வராத கைவேலை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இந்த வேலையைச் செய்துவந்த ஹாக்-ஐ என்ற பட்டறை 2010-ல் மூடியது. அதன் எந்திரங்களை ஒஹாயோவின் ஹில்லியர்ட் நகரில் உள்ள தொடக்ககாலத் தொலைக்காட்சி அருங்காட்சியகம் எடுத்துப் பாதுகாத்தது. எந்திரம் வந்துவிட்டது, கூடவே அதை இயக்கிய கை வந்ததா என்பதே கேள்வி. ஆகவே என் வாதத்தில் ஒரு திருத்தம் வேண்டும்: படம் இருந்தால் மட்டும் போதாது, படத்தில் உள்ள ஒவ்வொரு உதிரியும் அந்தக் கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லாத பொதுச் சரக்காக இருக்க வேண்டும். ஒரு வால்வுக்குப் பத்துக் கம்பெனிகள் அதே எண்ணில் மாற்று செய்தன. 15ஜிபி22-வுக்கு அப்படி வரிசையில் நிற்க ஆளில்லை.

ஆனாலும் காகிதம் இல்லாத இடத்தில் ஆர்வலர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, தாங்களே எழுதத் தொடங்கினார்கள். 1960களின் டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப்கள் சிலவற்றில் உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரை எபாக்ஸியில் புதைத்திருந்தார்கள். காலப்போக்கில் அந்த எபாக்ஸி கெட்டு மின்சக்தியை விழுங்கத் தொடங்கியது. கருவி சுவிட்ச் போட்டதும் ஒழுங்காக ஓடும், சூடேறியதும் திரை மங்கிப்போகும். புத்தகத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு பாக எண் மட்டுமே உண்டு. எத்தனை சுற்று, எந்தத் தடிமன் கம்பி என்ற விவரம் கிடையாது, ஏனென்றால் கேட்டால் கம்பெனி புதிது அனுப்பும் காலம் அது. கெட்டுப்போனவற்றைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணி, எபாக்ஸிக்குப் பதில் மெழுகில் தோய்த்துப் புதிதாகச் சுற்றிப் பார்த்து, அந்தக் கணக்கை எழுதி மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். ஹெவ்லெட்-பேக்கர்ட் தன் டிரான்சிஸ்டர்களுக்குச் சொந்த எண் போட்டதும் இப்படித்தான் அவிழ்ந்தது; அந்த எண்ணுக்குச் சந்தையில் என்ன பெயர் என்று நீளமான ஒப்புமைப் பட்டியல்கள் உருவாயின. சிக்னல்கூட இப்படி வந்ததுதான். பிரிட்டனின் பழைய 405 வரி ஒளிபரப்பு 1985 ஜனவரியில் முற்றிலும் நின்றபோது அந்த நாட்டு 405 வரி டிவிகள் எல்லாம் வெறும் பெட்டிகளாகியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிக்னலின் இலக்கணம் வெளிப்படையாக அச்சிலிருந்தது. அதைக் கொண்டு இன்றைய வீடியோவை 405 வரியாக மாற்றும் சிறு பெட்டிகளை ஆர்வலர்களே செய்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் இதே கதை தலைகீழாக நடந்தது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. டயனோராவும் சாலிடேரும் இங்கேயே தயாரான டிவிகள். உதிரிகளுக்கு ரிச்சி தெரு இருந்தது. பழுதுபார்ப்பது இங்கே பிழைப்பாகவே தொடர்ந்தது. அதைப் பொழுதுபோக்காக நினைக்க யாருக்கும் அவகாசம் வரவில்லை. பிற்காலத்தில் ஒரு கலர் டிவியின் ஐ.சி. கிடைக்காமல் போனபோது, நம் மெக்கானிக் பிக்சர் டியூபையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த பலகையை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு, எந்த டிவிக்கும் பொருந்தும் ‘சைனா போர்டு’ ஒன்றைப் போட்டு அன்றைக்கே படம் வரவைத்தார். அமெரிக்க ஆர்வலர் சர்க்யூட்டைக் காப்பாற்றிக்கொண்டு டியூபுக்கு அலைகிறார். நம்மவர் டியூபைக் காப்பாற்றிக்கொண்டு சர்க்யூட்டைத் தூக்கிப்போட்டார். எது சரி என்ற பஞ்சாயத்து தேவையில்லை. வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது ஐ.சி.யின் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் விளைவு ஒன்று உண்டு: வெளியே மட்டுமல்லாமல் உள்ளேயும் அந்த நாளில் இருந்தபடியே இருக்கும் டிவி இங்கே கிடைப்பது அரிது.

இன்றைய பலகைகளுக்குப் படம் கொடுத்தால்தான் என்ன, அரிசிமணியைவிடச் சின்ன உதிரிகளை யார் மாற்றுவார்கள் என்பது கடைசி மறுப்பு. சின்னதாக இருப்பது பெரிய தடையில்லை. செல்போன் கடைகளில் மைக்ராஸ்கோப் வைத்து அதைத்தான் நாள் முழுதும் செய்கிறார்கள். உண்மையான திருப்பம் வேறு இடத்தில் நிகழ்ந்தது. 1967-ல் மோட்டரோலா ‘குவாஸர்’ என்ற கலர் டிவியை, எல்லா வேலையும் ஒரு இழுப்பறைக்குள் என்று விளம்பரம் செய்து விற்றது. இழுப்பறையை இழுத்தால் செருகிக் கழற்றும் பலகைகள். கெட்டதை உருவிப் புதிதைச் செருகினால் வேலை முடிந்தது. வீட்டுக்காரருக்கு வசதி, மெக்கானிக்குக்கும் வசதி. பலகைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வேண்டிய தேவை மட்டும் மெல்ல விலகிற்று. புதுப் பலகை வருவது நின்ற அன்றைக்கு இரண்டு பேருமே கையைப் பிசைந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், டிவி உள்ளிட்ட திரைகளுக்குக் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டு உதிரி தர வேண்டும், பழுதுபார்க்கும் விவரத்தையும் தொழில்முறை மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. சாம்ஸ் தாளை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம் என்றிருந்த காலத்தோடு ஒப்பிட்டால், சட்டம் போட்டும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

ஈயத்தைச் சுற்றி அனுப்பிய அதே டெக்ட்ரானிக்ஸ் 1980களில் செய்த 2465 என்ற ஸ்கோப்புக்கும் முழு சர்வீஸ் புத்தகம் உண்டு. படங்கள் மடிப்பு மடிப்பாக விரிகின்றன. 300 மெகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும் அருமையான கருவி, ஆர்வலர்கள் விரும்பி வாங்குவது. அதில் யு800 என்று ஒரு சிப், ஒளிப்புள்ளியைத் திரையின் குறுக்கே இழுப்பது அதன் வேலை. அந்த நிறுவனமே தனக்காகச் செய்துகொண்டது, வேறெங்கும் கிடைக்காது. சூட்டில் அது போய்விட்டால் இன்னொரு 2465-ஐ அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்தால், சுற்றிலும் ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் மதிப்பு, ஒவ்வொரு முனைக்கும் வோல்ட், பழைய ஒழுங்கு மாறாமல் இருக்கிறது. நடுவில் யு800 ஒரு வெற்றுக் கட்டம். ஓரத்தில் கால்களின் எண்கள் மட்டும்.